63 மி.மீ. லக் மூடி: எண்ணெய் ஊறுகாய் கசியாமல் இருக்க எப்படி வடிவமைப்பது?

தண்டையார்பேட்டை தகரம்:
வணக்கம். 400 கிராம் ஊறுகாய் பாட்டிலுக்கு 63 மி.மீ. லக் மூடியை (உள்விளிம்பில் சின்னப் பற்கள், அதாவது லக், இருக்கும் திருகு மூடி) நாங்களே அடிக்கப் போகிறோம். 20 டன் பவர் பிரஸ் கையில் இருக்கிறது. டை (தகரத்தை அடிக்கும் அச்சு) இனிமேல்தான் செய்ய வேண்டும். இப்போது வெளியில் வாங்கும் மூடியில், பெட்டியைப் படுக்க வைத்தால் மறுநாள் கழுத்தோரம் எண்ணெய் கசிந்து லேபிள் வரைக்கும் இறங்கிவிடுகிறது. அந்த மூடியின் தகரம் 0.18 மி.மீ. நாங்கள் 0.25-க்குப் போனால் கெட்டியாகப் பிடிக்குமா? உள்ளே போவது மூன்று பொருள்: நல்லெண்ணெய் மாங்காய் ஊறுகாய் (ஆறிய பிறகு நிரப்புவது), தக்காளித் தொக்கு (சூடாக நிரப்புவது), காசிமேட்டு இறால் தொக்கு. மூன்றுக்கும் ஒரே மூடி போதுமா?

வியாசை டூல்ரூம்:
0.25 வேண்டாம். கசிவு இன்னும் கூடும்.

காரணத்தைச் சொல்கிறேன். கண்ணாடி வாய் எப்போதும் ஒரே சமமாக இருக்காது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு வளைந்து கொடுத்து, லைனிங்கைச் சுற்றிலும் ஒரே அளவில் அழுத்த வேண்டியது தகரம்தான். காற்றை அடைப்பது லைனிங், அதாவது மூடிக்குள் ஓரமாக ஊற்றிய ரப்பர் போன்ற வளையம். தகரம் அதை விடாமல் அமுக்கிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏறும். 0.18-லிருந்து 0.25-க்குப் போனால் சுமார் 2.7 மடங்கு விறைப்பு. கண்ணாடியில் 0.2 மி.மீ. பள்ளம் இருந்தால் விறைத்த மூடி அதன் மேல் பாலம் போல நின்றுவிடும், எண்ணெய் அடியில் போய்விடும். நடுவில் பட்டன் (வெற்றிடம் இருந்தால் உள்ளே குழியும் மேடு) வைத்தால் அதுவும் உள்ளே இழுபடாது. 0.17, 0.18 போதும். ஆனால் மென்மையான ரகத்தை வாங்காதீர்கள், லக் நிமிர்ந்துவிடும்.

தகரத்தை விடுங்கள், முதலில் பாட்டிலை அளங்கள். இரண்டு அளவுதான் முக்கியம். கண்ணாடி வாயின் உச்சியிலிருந்து காடியின் (லக் மாட்டிக்கொள்ளும் சரிவான கண்ணாடி வரம்பு) அடிப்பக்கம் வரை உள்ள உயரத்தை ‘அ’ என்று வையுங்கள். மூடிக்குள் லைனிங் முகத்திலிருந்து லக்கின் மேல் முகம் வரை உள்ளது ‘ஆ’. மூடி இறுகி நிற்கும் இடத்தில் அ − ஆ எவ்வளவோ, அவ்வளவுதான் லைனிங் நசுங்கும். லைனிங் 1 மி.மீ. தடிமன் என்றால் 0.3 முதல் 0.4 வரை நசுங்குவதை நான் குறி வைப்பேன். 0.1 என்றால் ஈரப்பொருளுக்கே போதாது. எண்ணெய் தண்ணீரை விட மெல்லிய சந்திலும் ஊர்ந்து போகும்.

ராயபுரம் பேக்கிங்:
டூல்ரூம் சொல்வது சரி. ஆனால் மூடியைக் குறை சொல்லும் முன்னால், மூடுகிற இடத்தையும் பார்க்க வேண்டும். எண்ணெய் ஊறுகாயில் பாதிக் கசிவு நிரப்பும் மேஜையிலேயே உண்டாகிறது. கரண்டியிலிருந்தோ நாசிலிலிருந்தோ ஒரு சொட்டு வாயில் விழுந்தால் இரண்டு கெடுதல். லைனிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் உட்கார்ந்து, திரி போல வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அதோடு காடியும் வழுக்கும், கையால் திருகுகிறவர் அளவு தெரியாமல் அதிகமாகத் திருகுவார், லக் காடியைத் தாண்டிப் போய்விடும். தாண்டிய மூடி பார்க்க இறுகியது போல இருக்கும், விரலால் தொட்டால் சுற்றிக்கொண்டே போகும்.

உங்கள் கையில் இருக்கிற பழைய மூடியிலேயே இன்று இதைச் செய்து பாருங்கள். இறுக மூடி 24 மணி நேரம் ஆன பாட்டிலை எடுங்கள். மூடியின் பக்கவாட்டிலிருந்து கண்ணாடி வரை, மார்க்கர் பேனாவால் நேர்குத்தாக ஒரே கோடு இழுங்கள். மூடியைத் திறந்து விடுங்கள். இப்போது விரல் நுனியால் மெதுவாக மூடி, லைனிங் கண்ணாடியைத் தொட்டு லக் காடியில் லேசாகத் தட்டுகிற இடத்தில் நிறுத்துங்கள். மூடியில் உள்ள கோடு, பாட்டிலில் உள்ள கோட்டுக்கு வலப்பக்கம் நிற்க வேண்டும். அந்த இடைவெளிதான் இறுக்கத்தின் கையிருப்பு. 3 மி.மீ.க்குக் கீழே இருந்தால் அந்த பாட்டில் லாரியில் தாங்காது. இரண்டு கோடும் நேராக நின்றாலோ இடப்பக்கம் போனாலோ பிடிப்பே இல்லை, லைனிங் செத்துவிட்டது என்று அர்த்தம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குலுங்கிப் போகிற பெட்டிக்கு இந்தச் சோதனை கட்டாயம்.

தண்டையார்பேட்டை தகரம்:
பார்த்தேன் சார். பத்து பாட்டிலில் நாலு நேராக நிற்கிறது, இரண்டு இடப்பக்கமே போய்விட்டது. லைனிங்கை நகத்தால் அழுத்தினால் மாவு போல இருக்கிறது. எண்ணெய் படாத புது மூடியில் அப்படி இல்லை.

மணலி லேப்:
அப்படியென்றால் சந்தேகத்துக்கே இடமில்லை, லைனிங்தான்.

சாதாரண மூடியில் ஊற்றுவது பி.வி.சி. பிளாஸ்டிசால். பி.வி.சி. தூளை எண்ணெய் போன்ற ஒரு பிளாஸ்டிசைசரில் (மிருதுவாக்கும் பொருள்) கலந்த குழம்பு அது. சூட்டில் வெந்தால்தான் ரப்பர் மாதிரி ஆகும். எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெயைப் பிளாஸ்டிசைசராகப் பலர் போடுகிறார்கள். அது நல்லெண்ணெயோடு எளிதாகக் கலக்கும். அதனால் லைனிங்கிலிருந்து பிளாஸ்டிசைசர் ஊறுகாய்க்குப் போகும், ஊறுகாய் எண்ணெய் லைனிங்குக்குள் ஏறும். முதலில் ஊதி மிருதுவாகும், அப்புறம் சுருங்கிக் கெட்டியாகும். இரண்டு கட்டத்திலும் பிடிப்பு போகும். கசிவோடு முடிகிற விஷயம் இல்லை இது, சாப்பிடுகிறவர் வயிற்றுக்குள் போகிறது. ஐரோப்பாவில் இந்த எபாக்சி சோயா எண்ணெய்க்கு ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், குழந்தை உணவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எண்ணெயில் மிதக்கிற பண்டங்களில்தான் அந்த வரம்பைக் காப்பது கஷ்டம்.

எனவே மாங்காய் ஊறுகாய்க்கு லைனிங் வாங்கும்போது ‘எண்ணெய் உணவுக்கு’ என்று எழுத்தில் கேளுங்கள். பி.வி.சி. இல்லாத பாலியோலிஃபின் வகை இருக்கிறது. விலை கூடும், ஊற்றும் இயந்திரமும் வேறு, ஆனால் நல்லெண்ணெய்க்கு அதுதான் சரி. உப்புநீர், வினிகர் ஊறுகாய்க்குச் சாதாரண பிளாஸ்டிசால் போதும்.

நுரை லைனிங் விற்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நுரைக்கு அசோடைகார்பனமைடு போடுகிறார்களா? உணவில் படும் பிளாஸ்டிக்கில் அதை ஐரோப்பாவில் 2005-ல் தடை செய்துவிட்டார்கள்.

வெந்ததா வேகவில்லையா என்று பார்க்க எளிய வழி: லைனிங்கில் ஒரு துண்டு அறுத்து அசிட்டோனில் போடுங்கள். சரியாக வெந்தது ஊதும், ஆனால் முழுசாக இருக்கும். வேகாதது உதிர்ந்து போகும். தகரத்தின் சூடு 180 முதல் 200 டிகிரிக்குப் போக வேண்டும். ஓவன் மீட்டர் காட்டுகிற காற்றின் சூட்டை நம்பாதீர்கள், மூடியின் மேலேயே தெர்மோகப்பிள் ஒட்டிப் பாருங்கள். அதிகம் வெந்தால் பழுப்பாகும், அப்போது ஹைட்ரோகுளோரிக் அமில வாடை கிளம்பும். அந்த ஆவி ஓவனையும் பக்கத்தில் அடுக்கியிருக்கும் தகரத்தையும் சேர்த்துத் தின்னும்.

வியாசை டூல்ரூம்:
லைனிங் எவ்வளவு ஊற்றுவது என்பதற்குக் கணக்கு: வளையத்தின் நடு விட்டம் 57, அகலம் 5, தடிமன் 1 மி.மீ. என்று வைத்தால் சுமார் 900 கன மி.மீ. அடர்த்தி 1.2 என்றால் ஏறக்குறைய 1.1 கிராம். பத்து மூடியை ஊற்றும் முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். எடை சரியாக வந்தும் ஒரு பக்கம் மெலிந்திருந்தால் சக் ஆடுகிறது, அல்லது நாசில் நடுவிலிருந்து விலகியிருக்கிறது.

இனி டை. 63 விட்டம், விளிம்பின் சுருளுக்கும் சேர்த்து 11 மி.மீ. உயரம் என்றால் வெட்டு வட்டம் √(63² + 4 × 63 × 11), அதாவது சுமார் 82 மி.மீ. 82-க்கும் 63-க்கும் உள்ள விகிதம் 1.3. ஒரே இழுப்பில் வந்துவிடும். வெட்டும் விசை ஒன்றரை டன்னைச் சுற்றி வரும். உங்கள் 20 டன் பிரஸ் தாராளம், ஆனால் ஸ்லைடு ஆட்டம் இருந்தால் அந்த டன்னேஜ் எதற்கும் உதவாது. 0.18 தகரத்துக்கு பஞ்ச் என்கிற மேல் அச்சுக்கும் கீழே உள்ள டைக்கும் நடுவே பக்கத்துக்கு 0.01 மி.மீ. இடைவெளிதான் கிடைக்கும். பில்லர் செட் (இரண்டு அச்சையும் நேராக வழிநடத்தும் தூண்கள்) இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம். டி-2 ஸ்டீல், 60 ஆர்.சி. ஹார்டுனெஸ், அரைத்து பாலிஷ் பண்ணியது.

முதல் அடியில் வெட்டு, இழுப்பு, நடு பேனல் மூன்றும். இரண்டாவது, விளிம்பைச் சுருட்டுவது. மூன்றாவது, அந்தச் சுருளை நாலு இடத்தில் உள்ளே அமுக்கி லக் எடுப்பது. 63-க்குப் பெரும்பாலும் நாலு லக். ஆனால் உங்கள் பாட்டிலில் காடி எத்தனை இடத்தில் தொடங்குகிறது என்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள். இந்த மூன்று வேலையில் சுருட்டுவதுதான் வேலைக்காரனைச் சோதிக்கும். வெட்டிய முனையில் பிசிறு இருந்தால் சுருள் வெடிக்கும். தகரத்தின் உருட்டுத் திசையால் இழுத்த கப்பின் விளிம்பில் காது போல நாலு மேடு எழும்பும். காது 0.3-க்கு மேல் போனால் சுருள் ஓரிடத்தில் முழுசாக மூடும், இன்னோரிடத்தில் வெட்டு முனை வெளியே தெரியும். தெரிகிற முனையில் தகரப் பூச்சும் இல்லை, லாக்கரும் (காப்பு வார்னிஷ்) இல்லை, வெறும் இரும்பு. துரு அங்கேதான் தொடங்கும்.

ராயபுரம் பேக்கிங்:
துரு என்றதும் நம் பக்கத்துப் பிரச்சினை ஒன்று. மூடிய பாட்டிலை ஆற்றவும் கழுவவும் போர் தண்ணீர் பயன்படுத்துகிறீர்களா? மீஞ்சூர், மணலி பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய தண்ணீர். அந்த உப்பு சுருளுக்குள் தங்கிவிட்டால் எந்த லாக்கரும் காப்பாற்றாது. கடைசி அலசலுக்காவது ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றி, சுருளின் வாயில் காற்றடித்து உலர்த்தி, அப்புறம் பெட்டியில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தகரக் கட்டைச் சிமெண்டுத் தரையில் போடாதீர்கள். பலகை மேல் வைத்து, கட்டு அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். குளிர்ந்த தகரத்தில் ஈரக்காற்று பட்டால் உடனே வேர்க்கும்.

மணலி லேப்:
உள்பக்க லாக்கரையும் சோதிக்க வேண்டும். உப்பும் அமிலமும் சேர்ந்த ஊறுகாய், லாக்கரில் குண்டூசி முனை அளவு கீறல் இருந்தாலும் போதும், அதன் அடியில் புகுந்து படலத்தையே தூக்கிவிடும். அடித்த மூடியில் மயில்துத்தக் கரைசல் ஊற்றி, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, சில நிமிடம் வைத்துக் கொட்டுங்கள். எங்கே இரும்பு வெளியே தெரிகிறதோ அங்கே செம்பு படியும், சிவப்புப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். புள்ளிகள் வட்டமாக பேனல் ஓரத்திலேயே வரிசை கட்டினால் டையின் வளைவு ஆரம் கூர்மையாக இருக்கிறது. சிதறி இருந்தால் லாக்கர் பூச்சு மெல்லிசு. கையுறை போட்டுச் செய்யுங்கள், சோதித்த மூடிகளை உடைத்துப் போடுங்கள். இன்னொன்று: பிளாஸ்டிசால் வெறும் தகரத்தில் ஒட்டாது. அது ஒட்டுகிற லாக்கரா என்று தகரத்துக்கு அச்சடிப்பவரிடமே உறுதி கேளுங்கள்.

தண்டையார்பேட்டை தகரம்:
நன்றி சார். பட்டன் பற்றி ஒரு சந்தேகம். தக்காளித் தொக்கில் ‘டக்’ என்று உள்ளே போகிறது. மாங்காயில் ஒன்றுகூடப் போகவில்லை. மூடி காற்று விடுகிறதா?

மணலி லேப்:
காற்று விடவில்லை, இழுக்க அங்கே வெற்றிடமே உருவாகவில்லை. ஆறிய ஊறுகாய்க்கு மேலே சாதாரணக் காற்றுதான் இருக்கிறது. மூடினாலும் அதே அழுத்தம்தான்.

தொக்கு 85 டிகிரியில் போகும்போது கதை வேறு. அந்தச் சூட்டில் நீராவியின் அழுத்தமே சுமார் 58 கிலோபாஸ்கல். மேல் இடைவெளியில் அந்த அளவுக்கு நீராவி ஏறியிருந்தால், வெளிக்காற்றின் அழுத்தமான 101-ல் மிச்சம் 43 மட்டுமே காற்று. 30 டிகிரிக்கு ஆறினால் நீராவி 4 ஆகச் சுருங்கிவிடும், காற்றும் 37-க்கு வரும். மொத்தம் 41. வெளியே 101, உள்ளே 41. இது தாளில் வருகிற உச்சம். நடைமுறையில் மூடுவதற்குள் மேல் இடைவெளி ஆறி வெளிக்காற்று புகுந்துவிடும், 40 கிலோபாஸ்கல் வித்தியாசம் கிடைத்தாலே திருப்தி. அந்த 40-க்கே மூடியின் மேல் வெளிக்காற்று சுமார் 10 கிலோ எடை வைத்து அமுக்குகிறது (அடைப்பு விட்டம் 56 மி.மீ. என்று வைத்து). மாங்காய் மூடிக்கு அந்த உதவி கிடையாது. லக் இறுக்கம் ஒன்றுதான் பிடி. அதனால்தான் அதே மூடி தொக்கில் கசியாமல் மாங்காயில் மட்டும் கசிகிறது.

மாங்காய்க்குப் பட்டன் இல்லாத தட்டையான பேனல் போடுங்கள். எழும்பியே நிற்கிற பட்டனைப் பார்த்து வாங்குகிறவர் ‘கெட்டுப்போச்சு’ என்று திருப்பி வைப்பார், அவர் செய்வது நியாயம்தான். யாரும் திறக்கவில்லை என்று காட்ட கழுத்தில் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூட்டில் சுருங்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை) போதும்.

தொக்கில் மேல் இடைவெளி கொள்ளளவில் 6 முதல் 8 சதவீதம் விடுங்கள். மூடியதும் இரண்டு மூன்று நிமிடம் கவிழ்த்து வைத்தால் மூடியின் உள்பக்கமும் சூடாகும், லைனிங்கும் இளகிக் கண்ணாடியில் நன்றாகப் பதியும்.

தண்டையார்பேட்டை தகரம்:
இறால் தொக்குக்கும் இதே மாதிரி சூடாக நிரப்பி பட்டன் மூடி போட்டால் சரிதானே?

மணலி லேப்:
கூடாது. தயவுசெய்து இதை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

நல்ல மூடி காற்றை வெளியே நிறுத்தும். காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்கிற உயிர்கொல்லி உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். அதன் வித்துகள் கொதிநிலையைத் தாங்கும். இறால் புளிப்பில்லாத பொருள். பி.எச். (புளிப்பு அளவு; எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.6-க்கு மேலேயும் ஈரம் தாராளமாகவும் இருந்தால், நீங்கள் அடிக்கிற மூடி எவ்வளவு நல்லதோ அவ்வளவு ஆபத்து. நஞ்சு இருப்பது வாசனையில் தெரிய வேண்டும் என்பதில்லை, பட்டன் எழும்ப வேண்டும் என்பதும் இல்லை.

வினிகரோ புளியோ சேர்த்து, இறால் துண்டின் நடுவரை பி.எச். 4.6-க்கு நன்றாகக் கீழே இறங்க வேண்டும். அளக்கும்போது எண்ணெயை வடித்துவிட்டு, துண்டையும் மசாலாவையும் சேர்த்து அரைத்து அளங்கள். எண்ணெய் பட்டால் பி.எச். மீட்டரின் எலெக்ட்ரோடு தப்பாகக் காட்டும். செய்த அன்றே அளக்காமல் 24 மணி நேரம் ஊறிய பிறகு அளங்கள். அது முடியாது என்றால் பிரஷர் ரிடார்ட்டில் (மூடிய பாட்டிலை அழுத்தத்தில் வேகவைக்கும் கலம்) 121 டிகிரி வேண்டும். அங்கே உள்ளழுத்தம் லக் மூடியைத் தூக்கும், வெளியிலிருந்து எதிர்க்காற்று கொடுக்கிற ரிடார்ட்டாக இருக்க வேண்டும். உணவுப் பதப்படுத்தல் தெரிந்தவரிடம் முறையை எழுதி வாங்கி, ஆய்வக முடிவு கைக்கு வரும்வரை இறாலைக் குளிர்பெட்டியில் வைத்து உடனுக்குடன் விற்கிற சரக்காகவே வைத்திருங்கள்.

மாதவரம் கண்ணாடி:
பாட்டில் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஒரு லாட்டில் முப்பது பாட்டிலாவது எடுத்து, வாயைக் கிரானைட் தட்டின் மேல் கவிழ்த்து, சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் (சந்து அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் அந்த லாட்டை எண்ணெய்க்குப் போடாதீர்கள், பொடிக்குப் போடலாம். இரண்டாம் கைப் பாட்டில் கழுவி வாங்கினால் வாயின் உள்விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சில்லு நகத்துக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டை தகரம்:
முப்பது பாட்டில் அளந்துவிட்டேன். காடியின் நடுப்பகுதியில் ‘அ’ குறைந்தது 6.40, அதிகம் 6.90, சராசரி 6.65. ஃபீலர் இரண்டில் நுழைந்தது, அவற்றை ஒதுக்கிவிட்டேன். காடியின் சரிவு 20 மி.மீ. ஓட்டத்துக்கு ஏறக்குறைய 1 மி.மீ. இறங்குகிறது.

வியாசை டூல்ரூம்:
அப்படியென்றால் ‘ஆ’ 6.30 வையுங்கள். சராசரி பாட்டிலில் காடியின் நடுவிலேயே 0.35 நசுங்கும். 6.40 பாட்டிலில் அதே இடத்தில் 0.10தான் கிடைக்கும். ஆனால் இன்னும் 5 மி.மீ. திருகினால் சரிவு 0.25 கொடுக்கும், அதுவும் 0.35-க்கு வந்துவிடும். 6.90 பாட்டில் 5 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். ஆக, சராசரி இடத்துக்கு அந்தப் பக்கம் 5, இந்தப் பக்கம் 5, மொத்தம் 10 மி.மீ. ஓட்டத்துக்குள் எல்லா பாட்டிலும் இறுகும். காடி நீளம் அதற்கு இடம் கொடுக்கிறதா, 6.40 பாட்டிலில் லக் காடியின் கடைசி முனையைத் தாண்டவில்லையா என்று மட்டும் பாருங்கள்.

லக் அமுக்குகிற டையை ஒரே கட்டையாகச் செய்யாமல் அடியில் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடுகிற மாதிரி செய்யுங்கள். 0.05, 0.10 ஷிம்களை வைத்து ‘ஆ’வை ஏற்றி இறக்கலாம். பாட்டில் லாட் மாறினால் டையை அரைக்க வேண்டி வராது. முதலில் 200 மூடி அடித்து, பச்சைத் தண்ணீரில் வேண்டாம், நல்லெண்ணெய் ஊற்றியே 45 டிகிரியில் ப்ளாட்டிங் தாள் மேல் 48 மணி நேரம் படுக்க வையுங்கள். மே மாதத்தில் மூடிய லாரிக்குள் அந்தச் சூடு இருக்கும். தாளில் கறை விழுந்த பாட்டில்களைத் தனியே எடுத்து, கோடு போடும் சோதனையையும் செய்து, ஒவ்வொன்றின் ‘அ’ அளவோடு பக்கத்தில் பக்கத்தில் எழுதி இங்கே போடுங்கள். ஷிம் எவ்வளவு என்று அப்போது சொல்கிறேன்.